நாலு இன்ச் நம்பிக்கை!

ஜனவரி மாசம். காலை ஏழரை மணி. வெயில் இன்னும் எட்டிப் பார்க்கலை. குளிர் மைனஸ் பதினெட்டு டிகிரி. ஓர் ஏரியின் நட்டநடுவில் ஒருத்தர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதுமேல ஹாயாக உட்கார்ந்திருக்கார். படகு இல்லை, பாலம் இல்லை. அவருக்குக் கீழே ஓரடி கனத்துக்குப் பனிக்கட்டி. அதுக்கும் கீழே முப்பது அடி தண்ணி. முன்னாடி சாப்பாட்டுத் தட்டு சைஸில் ஒரு துளை. அதுக்குள்ள ஒரு தூண்டில் கயிறு. ஆசாமி அசையாம அதையே பார்த்துட்டு இருக்கார்.

இதுக்குப் பேர் ஐஸ் ஃபிஷிங். குளிர்காலத்தில் உறைஞ்சு போற ஏரிகள் மேல நடந்து போய், துளை போட்டு மீன் பிடிக்கிறது. அமெரிக்கா, கனடா, பின்லாந்து, ரஷ்யா எல்லா இடத்திலும் இது சாதாரணமான விஷயம். வாரக் கடைசி வந்தா குடும்பத்தோட கிளம்பிடுவாங்க.

'நமக்கு எதுக்குப்பா இது?'ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எம்.எஸ். படிக்கப் பறக்கிற பட்டாளத்தில் சில பேராவது இந்த மாதிரி ஊர்களில்தான் போய் இறங்குவீங்க. முதல் குளிர்காலத்திலேயே ரூம்மேட் கேட்பான், 'வர்ற சனிக்கிழமை ஏரிக்குப் போலாமா?'ன்னு. அப்ப நீங்க என்ன பதில் சொல்லணும்? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. போகவே மாட்டேன்னு சொல்றவங்களும் படிக்கலாம். ஏன்னா இதில் இருக்கிற மேட்டரில் பாதி மீனைப் பத்தியது இல்லை. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு ரிஸ்க்கான டிரிப் போறப்ப, முடிவை யார் எடுக்கறாங்கங்கறதைப் பத்தியது.

ஓ.கே. நாலு பேர், ஒரு கார், ஒரு நாள். பிளானைப் போடுவோம்!

எங்கே போறோம்?

பேரே ருசியா இருக்கிற ஓர் இடத்தை எடுத்துக்குவோம். ஸ்ட்ராபெர்ரி நீர்த்தேக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,600 அடி உயரம். நிரம்பினால் ஏறத்தாழ 17,000 ஏக்கர் பரப்பு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஹீபர் சிட்டியைத் தாண்டி 40-ம் நம்பர் நெடுஞ்சாலையில் மலையேறி, டேனியல்ஸ் கணவாயைக் கடந்தால் ஒரு வெள்ளைச் சமவெளி விரியும். பனிக்காலத்தில் ஏரி எது, தரை எதுன்னு தெரியாது!

இது இயற்கையா அமைஞ்ச ஏரி இல்லை, மனுஷன் கட்டினது. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் யூட் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைச் சேர்ந்தது. கிழக்குப் பக்கமா ஓடி கொலராடோ ஆற்றில் போய்ச் சேர வேண்டிய தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு, மேற்கே இருக்கிற விவசாய நிலங்களுக்குத் திருப்பி விட்டாங்க. 1910-களில் முதல் அணை வந்தது. 1970-களில் கீழே சோல்ஜர் கிரீக் அணையைக் கட்டி ஏரியை இன்னும் பல மடங்கு பெரிசாக்கினாங்க.

'அணைக்கட்டு ஹிஸ்டரி எல்லாம் எதுக்கு பாஸ்?'ன்னு டென்ஷன் ஆகாதீங்க. இது நீர்த்தேக்கம்ங்கற விஷயத்தில்தான் ஓர் ஆபத்து ஒளிஞ்சிருக்கு. கொஞ்ச நேரத்தில் அங்கே வருவோம்.

தண்ணி ஏன் மேலிருந்து உறையுது?

ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸை லேசா தூசு தட்டுங்க. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் ரொம்ப அடர்த்தி. அதனால் குளிர ஆரம்பிச்ச தண்ணி, 4 டிகிரி வரைக்கும் கீழே இறங்கிட்டே இருக்கும். மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்த பிறகு ஆட்டம் மாறிடும். அதுக்கும் கீழே குளிர்ற தண்ணி லேசாகி மேலேயே மிதக்கும். பூஜ்யத்துக்கு வந்ததும் மேல்பரப்பு உறையும். அடியில் 4 டிகிரி தண்ணியில் மீன்கள் நிம்மதியா இருக்கும். இந்த ஒரு விநோத குணம் மட்டும் தண்ணிக்கு இல்லாம இருந்தா, ஏரி அடியிலிருந்து உறைஞ்சு வந்திருக்கும். மீனும் இல்லை, ஃபிஷிங்கும் இல்லை!

ஸ்ட்ராபெர்ரி பொதுவா டிசம்பர் கடைசி வாக்கில் முழுசா உறையும். ஏப்ரல் கடைசி, மே மாசம்தான் பனி விலகும்.

பனி எவ்வளவு வேகமா கெட்டியாகும்? இதுக்கும் ஒரு ஃபார்முலா இருக்கு. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நம்மளைப் படுத்தற ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி தெரியும்ல? அதே ஸ்டெஃபான்தான் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இதையும் கணக்குப் போட்டார். சுருக்கம் இதுதான்: பனியின் கனம், சேர்ந்த குளிரின் வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி வளரும்.

உதாரணமா, சராசரி மைனஸ் 10 டிகிரி குளிர், பத்து நாள். பத்தும் பத்தும் பெருக்கினா 100. அதோட வர்க்கமூலம் 10. பனி மூடின ஒரு சராசரி ஏரிக்கு இதை 1.7-லிருந்து 2.4 வரை ஓர் எண்ணால் பெருக்கணும். அதாவது 17 முதல் 24 செ.மீ. வரை பனிக்கட்டி. அப்ப இருபது நாளில் ரெண்டு மடங்கா? ம்ஹூம்! ரெண்டு மடங்காக நாலு மடங்கு குளிர் வேணும், அதாவது நாற்பது நாள். ஏன்னா உருவான பனியே ஒரு கம்பளி மாதிரி தண்ணியைக் குளிரிலிருந்து காப்பாத்துது. அதுமேல பொடிப்பனி விழுந்தா இன்னொரு கம்பளி. வளர்ச்சி இன்னும் ஸ்லோ.

எத்தனை இன்ச் இருந்தா காலை வைக்கலாம்?

ஐஸ் ஃபிஷிங்குக்குப் பேர் போன மினசோட்டா மாநிலத்தின் இயற்கை வளத் துறை சொல்ற கணக்கு இது. புதுசா உறைஞ்ச, தெளிவான பனிக்கட்டியா இருந்தா:

* 4 இன்ச்சுக்குக் கீழே: ஏறவே ஏறாதீங்க.
* 4 இன்ச்: நடந்து போகலாம்.
* 5 முதல் 7 இன்ச்: ஸ்னோமொபைல் போகலாம்.
* கார்? அதைக் கரையிலேயே விடுங்க சாமி!

'தெளிவான'ங்கற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கங்க. வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் டிரேயை எடுத்துப் பாருங்க. ஓரத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையா இருக்கும். அந்த வெள்ளை, மாட்டிக்கிட்ட காற்றுக் குமிழி. ஏரியிலும் அப்படித்தான். கறுத்த நீலமா, கண்ணாடி மாதிரி இருக்கிற பனி பலசாலி. பொடிப்பனி நனைஞ்சு உறைஞ்ச வெள்ளைப் பனிக்குப் பாதி பலம்தான். அப்ப 4 இன்ச் இருக்க வேண்டிய இடத்தில் 8 இன்ச் வேணும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த லார்ன் கோல்ட், பனி மேல போற வண்டிகளையும் உடைஞ்ச சம்பவங்களையும் அலசி 1971-ல் ஒரு சூத்திரம் தந்தார். தாங்கும் எடை, கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செ.மீ. கணக்கில் கனத்தை வர்க்கப்படுத்தி, ஜாக்கிரதையா 3.5 ஆல் பெருக்கினா கிலோ வரும். 10 செ.மீ. பனிக்கு 350 கிலோ. 5 செ.மீ. பனிக்கு வெறும் 87 கிலோ. பாதி கனம்னா பாதி பலம்னு நினைச்சுடாதீங்க, கால்வாசிதான். மைதானத்தில் ஓரிடத்தில் 10 இன்ச் இருந்து, அம்பதடி தள்ளி 3 இன்ச் இருந்தா, அங்கே உங்களுக்கு மிச்சம் இருக்கிறது பத்தில் ஒரு பங்குக்கும் கம்மியான பலம். மேலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே வெள்ளை!

சூத்திரம் பொய்யாகிற இடம்

இப்ப அணைக்கட்டு மேட்டருக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாக் கணக்குக்கும் ஒரே ஓர் அஸம்ப்ஷன் இருக்கு. பனி, தண்ணி மேல மிதக்கணும். அதாவது பலகைக்கு அடியில் முழுக்க முட்டுக் கொடுத்தது தண்ணிதான்.

நீர்த்தேக்கத்தில் என்ன ஆகுது? குளிர்காலத்திலும் மதகைத் திறந்து தண்ணி எடுப்பாங்க. நீர்மட்டம் இறங்கும். நடுவில் இருக்கிற பனி தண்ணியோட சேர்ந்து இறங்கிடும். கரையோரப் பனி மட்டும் நிலத்தில் ஒட்டிக்கிட்டு அந்தரத்தில் நிற்கும். அடியில் காத்துதான் இருக்கும். சில இடத்தில் வளைஞ்சு, விரிசல் விட்டு, விரிசல் வழியே தண்ணி மேல வந்து நிற்கும். ஓடை வந்து கலக்கிற இடம், மதகுப் பக்கம் இங்கெல்லாம் தண்ணி ஓடிட்டே இருக்கிறதால் பனி மெலிசா இருக்கும். ஆக, ஏரியின் நடுவை விட முதல் பத்தடிதான் சில நாள் மோசமான இடம்!

ஸ்ட்ராபெர்ரிக்குன்னே ஒரு ஸ்பெஷல் தலைவலியும் உண்டு. அதுக்குப் பேர் ஸ்லஷ். தமிழில் சொன்னா பனிச்சேறு. மலையில் பொடிப்பனி குவியல் குவியலா கொட்டும். அந்த வெயிட்டில் மிதக்கிற பனிப்பலகை கீழே அமுங்கும். ஆர்க்கிமிடிஸ் தாத்தா சும்மா விடுவாரா? விரிசல் வழியா, நாம போட்ட துளை வழியா தண்ணி மேல ஏறிப் பொடிப்பனியை ஊற வெச்சுடும். மேலே இருக்கிற பனி கம்பளி போல மூடியிருக்கிறதால், வெளியே மைனஸ் இருபது டிகிரி இருந்தாலும் இந்தச் சேறு உறையாது. நடந்தா முழங்கால் வரைக்கும் இறங்கும். ஷூ நனையும். இழுத்துட்டுப் போற ஸ்லெட் கல்லாட்டம் கனக்கும். பல நாள் கழிச்சு மேலே மட்டும் உறைஞ்சா, பனி, சேறு, பனின்னு சாண்ட்விச் ஆகிடும். துளை போட்டா மேல் அடுக்கைத் தாண்டினதும் தண்ணி வரும். 'இவ்வளவுதான் கனமா?'ன்னு குழம்புவீங்க. அடியில் இன்னொரு அடுக்கு இருக்கும், இல்லாமலும் இருக்கும். முழுசாக் குடைஞ்சு, கொக்கி வெச்ச அளவுகோலை உள்ளே விட்டு அளந்தால்தான் தெரியும்.

பையில் என்ன இருக்கணும்?

மீன் பிடிக்கிற சாமான்கள் கம்மிதான். ரெண்டரை அடிக்கு ஒரு குட்டித் தூண்டில் கழி. வெள்ளை நிற டியூப் ஜிக், அதாவது கொக்கியோட இருக்கிற ரப்பர் மீன். கொக்கி நுனியில் செருக மண்புழு. துளை போட ஆகர். இதை ஒரு குட்டி போர்வெல்னு வெச்சுக்கங்க. கையால் சுத்தறதும் இருக்கு, பேட்டரியில் ஓடறதும் இருக்கு. துளையில் மிதக்கிற பனித்துண்டை அள்ள, நம்ம அம்மா வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டி மாதிரி ஒண்ணு. உட்கார பக்கெட். இழுக்க ஸ்லெட். அவ்ளோதான்.

உயிரைக் காப்பாத்தற சாமான்கள்தான் லிஸ்ட்டில் முக்கியம்.

கடப்பாரை: ஆமா, நிஜமாவே! அங்கே ஸ்பட் பார்னு சொல்வாங்க. முன்னாடி போறவர் ஒவ்வோர் அடிக்கும் ஓங்கிக் குத்திப் பார்த்துட்டே போகணும். ஒண்ணு ரெண்டு குத்திலேயே தண்ணி வந்தா, வந்த காலடி மேலேயே காலை வெச்சுத் திரும்பணும். நூறு, நூற்றைம்பது அடிக்கு ஒரு துளை போட்டு அளந்தும் பார்க்கணும்.

ஐஸ் பிக்: ரெண்டு மரக் கைப்பிடியில் ஆளுக்கொரு ஆணி. கழுத்தில் மாலை மாதிரி தொங்கணும். பைக்குள்ள வெச்சா பிரயோஜனம் இல்லை.

கயிறு: மிதக்கிற கயிறு, அம்பதடி. விழுந்தவர் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, கயிறுதான் போகணும்.

லைஃப் ஜாக்கெட்: படகே இல்லையேன்னு சிரிக்காதீங்க. ஜெர்கினுக்கு மேல மாட்டிக்கங்க.

முள் பட்டை: ஷூவுக்கு அடியில் மாட்டறது. வழுக்கி விழுந்து மண்டை உடையறது ரொம்ப சகஜம்.

மாத்துத் துணி: ஒரு செட், தண்ணி புகாத கவரில். காட்டன் வேண்டாம். நனைஞ்ச காட்டன் சூட்டை உறிஞ்சிடும். கம்பளி, இல்லேன்னா பாலியெஸ்டர்.

கூடாரம் போட்டு உள்ளே கேஸ் ஹீட்டர் வைக்கிறவங்களுக்குத் தனி எச்சரிக்கை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 7,600 அடி உயரத்தில் தலைவலி வந்தா 'மலை ஏறினது ஒத்துக்கலை போல'ன்னு நினைக்கத் தோணும். முதல்ல கூடாரத்தை விட்டு வெளியே வாங்க. காத்துப் போக்குக்கு எப்பவும் ஒரு திறப்பு இருக்கணும்.

15-க்கும் 22-க்கும் நடுவில் ஒரு ரகசியம்

சரி, என்ன மீன் கிடைக்கும்? கட்த்ரோட் ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட், கொக்கனி சால்மன். கட்த்ரோட்டுக்குத் தாடைக்குக் கீழே கழுத்தறுத்த மாதிரி ஒரு சிவப்புக் கீறல். பேருக்குக் காரணம் அதுதான்.

மீன் பிடிக்க லைசென்ஸ் வேணும். யூட்டாவில் 12 வயசு ஆனவங்க எல்லாருக்கும் கட்டாயம். சில நாளுக்கு மட்டும் செல்லுபடியாகிற லைசென்ஸும் உண்டு. ஸ்ட்ராபெர்ரியில் பல வருஷமா இருக்கிற விதி: ஒருத்தர் மொத்தம் நாலு மீன் எடுத்துக்கலாம். ஆனா 15-லிருந்து 22 இன்ச் வரை இருக்கிற கட்த்ரோட் மாட்டினா, உடனே தண்ணியில் விட்டுடணும். சின்ன கட்த்ரோட் ரெண்டு வரைக்கும், 22-ஐ விடப் பெரிசு ஒண்ணும் எடுத்துக்கலாம். விதிகள் மாறும். அதனால் ஒவ்வொரு வருஷமும் அந்த மாநில வனவிலங்குத் துறையின் கையேட்டைப் பார்த்துட்டுக் கிளம்பணும்.

'நல்ல சைஸ் மீனைப் போய் விடச் சொல்றாங்களே!'ன்னு கடுப்பாகும். கதை தெரிஞ்சா ஆகாது. இந்த ஏரியில் யூட்டா சப்னு ஒரு மீன் நுழைஞ்சது. தூண்டில் இரையா உயிரோட கொண்டு வந்து தப்பவிட்டதாச் சொல்றாங்க. அது பல்கிப் பெருகி, ட்ரவுட் சாப்பாட்டை எல்லாம் காலி பண்ணிடுச்சு. வேற வழி இல்லாம 1990-ல் மொத்த ஏரியிலும் ரோட்டினோன்ங்கற மருந்தைக் கலந்து மீன்களைக் கொன்னாங்க. அதுவரை நடந்ததிலேயே மிகப் பெரிய அளவில் செஞ்ச வேலைகளில் அது ஒண்ணு. அப்புறம் புதுசா ட்ரவுட் குஞ்சுகளையும் கொக்கனியையும் விட்டாங்க. கொஞ்ச வருஷத்தில் சப் மறுபடி தலைகாட்டுச்சு. இந்த முறை மருந்துக்குப் பதிலா வேற ஐடியா. வளர்ந்த கட்த்ரோட் சப்பைத் தின்னும். அப்ப வளர்ந்த கட்த்ரோட்டைக் காப்பாத்தினா போதும்! 2000-களின் தொடக்கத்தில் வந்த அந்த விதிதான் இது. நீங்க திருப்பி விடற ஒவ்வொரு பதினெட்டு இன்ச் மீனும் ஏரியின் சம்பளமில்லாத காவல்காரர்.

விடறதிலும் ஒரு முறை இருக்கு. மீனைப் பனி மேல போட்டு போட்டோ எடுக்காதீங்க. மைனஸ் பதினஞ்சு டிகிரியில் செவுளும் கண்ணும் நொடியில் உறைஞ்சிடும். துளைக்குள்ளேயே வெச்சு, கொக்கியைக் கழற்றி, அப்படியே விட்டுடுங்க.

விழுந்துட்டா?

யாரும் பேச விரும்பாத டாபிக். கிளம்பறதுக்கு முன்னாடி பேசியே ஆகணும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் உடம்பை என்ன செய்யும்னு ஆராய்ஞ்ச கார்டன் கீஸ்பிரெக்ட், மூணு எண்ணைப் பிரபலமாக்கினார். 1 - 10 - 1.

முதல் 1 நிமிஷம்: குளிர் அதிர்ச்சி. மூச்சு தாறுமாறா வாங்கும். இந்த நிமிஷத்தில் ஒரே வேலை, தலையைத் தண்ணிக்கு மேல வெச்சு மூச்சை வசப்படுத்தறது.

அடுத்த 10 நிமிஷம்: கை, கால் சொன்ன பேச்சைக் கேட்கிற நேரம். வெளியே வர்றது இதுக்குள்ள நடக்கணும்.

அப்புறம் 1 மணி நேரம்: உடம்புச் சூடு இறங்கி நினைவு போக ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் இந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். இல்லேன்னா கை ஓய்ஞ்சதும் மூழ்கிடுவோம்.

நிறைய பேர் 'விழுந்தா ரெண்டு நிமிஷத்தில் கதை முடிஞ்சது'ன்னு நினைச்சுப் பதறிடறாங்க. அந்தப் பதற்றம்தான் ஆளைக் கொல்லுது. நேரம் இருக்கு. வந்த பக்கமே திரும்பணும், ஏன்னா அந்தப் பனிதான் இதுவரை உங்களைத் தாங்கிச்சு. பிக்கைக் குத்தி, காலை நீச்சல் மாதிரி உதைச்சு, வயித்தால் பனி மேல ஏறணும். ஏறினதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டே வரணும். கரைக்கு வந்ததும் ஈரத்துணியைக் கழற்றிட்டு மாத்துத் துணி, காருக்குள்ள சூடு, 911-க்கு போன்.

நாலு பேரில் ஒரு ஓட்டு போதும்

இவ்வளவு தெரிஞ்சும் விபத்து ஏன் நடக்குது? அனுபவசாலிகளுக்கும் நடக்குது. 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில் பனிப்பலகை பிளந்து, நூற்றுக்கும் மேற்பட்டவங்க கரையை விட்டு மிதந்து போயிட்டாங்க. ஹெலிகாப்டர் வெச்சு மீட்டாங்க. ஒருத்தர் இறந்துட்டார். 2022 நவம்பரில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் இதே மாதிரி சுமார் 200 பேர் மாட்டி, மீட்கப்பட்டாங்க. அந்த நூறு பேரும் இருநூறு பேரும் பக்கத்தில் இருந்தவங்களைப் பார்த்து என்ன நினைச்சிருப்பாங்க? 'இத்தனை பேர் நிக்கறாங்களே, தாங்காமலா போயிடும்?'

பனிக்கு ஓட்டு எண்ணத் தெரியாது. கூட்டம் ஆதாரம் ஆகாது. துளையில் விட்ட அளவுகோல் மட்டும்தான் ஆதாரம்.

இதை விட நுணுக்கமான சிக்கல், நம்ம நாலு பேருக்குள்ளேயே இருக்கு. அஞ்சு மணிக்கு எழுந்தாச்சு. பெட்ரோல் போட்டாச்சு. லைசென்ஸ் எடுத்தாச்சு. கரைக்கு வந்து பார்த்தா, ஓரத்தில் தண்ணி தெரியுது. ஒருத்தனுக்கு உள்ளுக்குள்ள உதறுது. ஆனா 'பயந்தாங்கொள்ளி'ன்னு ஓட்டுவாங்களேன்னு வாயைத் திறக்க மாட்டான். இதில் வேடிக்கை, மத்த மூணு பேரும் அதேதான் நினைச்சுட்டு இருப்பாங்க. நாலு பேரும் பயந்துக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் நம்பி இறங்கிடுவாங்க.

அதனால் பிளானில் முதல் வேலை, முடிவை ஏரிக்கரையில் எடுக்காம ரூமில் எடுக்கறது. கதகதப்பா உட்கார்ந்து, காபி குடிச்சுட்டே, பேப்பரில் எழுதி வெச்சுடணும்.

ஒண்ணு, நம்ம எண் என்ன? 4 இன்ச் குறைந்தபட்சம்னா நாம 6 வெச்சுக்குவோம். நம்ம பாஷையில் சொன்னா ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. பாலம் கட்டறவங்க யாரும் 'கரெக்டா தாங்கற' அளவுக்குக் கட்டறதில்லையே!

ரெண்டு, மூணு செக்போஸ்ட். முந்தின ராத்திரி வானிலை அறிக்கையும் ரோடு நிலவரமும். காலையில் கரையோரப் பனி. அப்புறம் முதல் மூணு துளை. எங்கே எண் தவறினாலும் ரிட்டர்ன். வாக்குவாதம் கிடையாது.

மூணு, 'வேண்டாம்'னு சொல்ல ஒரு ஓட்டு போதும். 'போலாம்'னு சொல்லத்தான் நாலு ஓட்டும் வேணும். வேண்டாம்னு சொன்னவனிடம் காரணம் கேட்கக் கூடாது. அன்னைக்கு மட்டுமில்லை, அப்புறமும் ஓட்டக் கூடாது. இது ரொம்ப முக்கியம். ஒரு தடவை ஓட்டினா, அடுத்த தடவை அவன் வாயே திறக்க மாட்டான்.

நாலு, கடைசி மணியிலிருந்து பின்னோக்கிப் பிளான் பண்ணுங்க. ஜனவரி தொடக்கத்தில் அங்கே சூரியன் சுமார் அஞ்சு மணிக்கு இறங்கிடும். மலை ரோட்டில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கணும்னா மூன்றரைக்குப் பனியை விட்டு வெளியே வரணும். மூணு மணிக்குக் கழியைச் சுருட்டணும். மீன் கடிச்சுட்டு இருந்தாலும்!

அஞ்சு, கரையில் ஓர் ஆள். நம்மோட வராத ஒரு ஃப்ரெண்டிடம், எந்த வழியா இறங்கறோம், சிக்கன் கிரீக்கா, லாடர்ஸா, எத்தனை மணிக்குள்ள போன் வரும்னு சொல்லிட்டுப் போகணும். ஆறு மணிக்குப் போன் வரலைன்னா அவர் சும்மா இருக்கக் கூடாது.

ஆறு, பிளான் பி. இதை மறக்கவே கூடாது. டிரிப் கேன்சல் ஆனா அன்னைக்கு என்ன பண்றோம்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. ஹீபர் சிட்டியில் சூடா ஒரு ஹாட் சாக்லேட், மதியம் ஒரு சினிமா, எதுவோ ஒண்ணு. திரும்பி வர்றதுக்கு ஒரு நல்ல இடம் இருந்தால், திரும்பறது தோல்வியா தெரியாது.

இந்த ஆறும் ஐஸ் ஃபிஷிங்குக்கு மட்டுமான விதிகள் இல்லைன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஃப்ரெண்ட்ஸோட அருவிக்குப் போனாலும், ராத்திரியில் பைக் ரேலி கிளம்பினாலும், மழையில் டிரெக்கிங் போனாலும் இதேதான். தைரியசாலிகள் நிறைந்த கேங்கை விட, ஒருத்தன் 'வேண்டாம்டா'ன்னு சொன்னா மத்தவங்க சிரிச்சுட்டே வண்டியைத் திருப்பற கேங்தான் பல வருஷம் சேர்ந்து டிரிப் போகும்.

எல்லா செக்போஸ்ட்டும் தாண்டியாச்சா? எட்டு இன்ச் தெளிவான பனி, காத்து இல்லை, வெயில் வந்தாச்சா? அப்ப பக்கெட்டைப் போடுங்க. துளையில் ஜிக்கை இறக்குங்க. பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம். கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே எங்கேயோ 'டூம்...'னு ஒரு சத்தம் இடி மாதிரி உருண்டு போகும். பயந்துடாதீங்க. வெயில் பட்டதும் பனி லேசா விரியற சத்தம்தான். கெட்டியான பனியும் இப்படித்தான் பேசும்.

ஆனாலும் எழுந்து போய், இன்னொரு துளை போட்டு, ஒரு தடவை அளந்துடுங்களேன்!